உறுதிமொழி உண்டு, ஓட்டுப்பெட்டி இல்லை

ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று நம் கல்லூரிகளில் ஜனநாயகம் பூத்துக் குலுங்குகிறது. அன்று தேசிய வாக்காளர் தினம். மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வலக்கையை நீட்டச் சொல்லி, சாதிக்கும் மதத்துக்கும் பணத்துக்கும் மயங்காமல் வாக்களிப்போம் என்று உறுதிமொழி எடுக்கவைக்கிறார்கள். கோலப்போட்டி உண்டு. பேச்சுப்போட்டி உண்டு. அதிகாரி ஒருவர் வந்து, வாக்குரிமை எவ்வளவு புனிதமானது என்று வெயில் ஏறும்வரை பேசுவார். பிறகு தேசிய கீதம். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்புவார்கள். அந்த வகுப்புக்குப் பிரதிநிதி யார் என்பதை ஹெச்.ஓ.டி. ஏற்கெனவே முடிவுசெய்திருப்பார்.

ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் கலைக் கல்லூரி உண்டு, பொறியியல் கல்லூரி உண்டு, பாலிடெக்னிக் உண்டு. பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். தவிர, இது ஆரணியின் தனிப் பெருமையும் இல்லை. சில பழைய கல்லூரிகளை விட்டுவிட்டால், தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்.

1989இல் வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்தோம். அன்றிலிருந்து பதினெட்டு வயதுப் பெண் டெல்லிக்கு ஆள் அனுப்பலாம். கோட்டைக்கு ஆள் அனுப்பலாம். ஆரணி நகராட்சிக்கு ஆள் அனுப்பலாம். விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வார்டன் அறைக்கு மட்டும் ஆள் அனுப்ப முடியாது. அதற்குப் பக்குவம் போதாதாம். பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இருக்கிறது, சேர்மனைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை.

சேர்மன் என்றால் இன்றைய பிள்ளைகளில் பாதிப்பேருக்குப் புரியாது. ஒரு காலத்தில் கல்லூரி மாணவர் சங்கத் தலைவரை அப்படித்தான் அழைத்தோம். இன்று அவர்களுக்குத் தெரிந்த சேர்மன், கல்லூரியின் முதலாளி. அவர் தேர்தலில் நின்று வந்தவர் இல்லை. நிலம் வாங்கி வந்தவர்.

இதனால் யாருக்கு நஷ்டம்? எல்லோருக்கும் என்று சொன்னால் அது பொய். பிரமுகர் வீட்டுப் பையனுக்கு மாணவர் சங்கம் தேவையே இல்லை. அவனுக்கு அப்பா இருக்கிறார். வருகைப்பதிவு குறைந்தால் அப்பா கரஸ்பாண்டென்டுக்கு போன் போடுவார். இன்டர்னல் மார்க் குறைந்தால் மாமா போய்ப் பார்ப்பார். அடிதடியில் மாட்டினால் வட்டச் செயலாளர் வருவார். சங்கம் தேவைப்படுவது, போன் போட ஆள் இல்லாத பிள்ளைக்கு.

அந்தப் பிள்ளை யாரென்று ஆரணிக்காரர்களுக்குத் தெரியும். தேவிகாபுரத்திலோ முள்ளிப்பட்டிலோ அப்பா குழித்தறியில் நெய்கிறார். ஊரெல்லாம் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டு அவர் கையில் உருவாகிறது. கூலி மட்டும் முதலாளி சொன்னதுதான். மகள் வீட்டின் முதல் பட்டதாரி. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவந்து விடுதியில் தங்கியிருக்கும் பழங்குடி மாணவன் ஒருவன். சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைந்தே செருப்புத் தேய்ந்த இருளர் வீட்டுப் பெண் ஒருத்தி. களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவரின் மகன், வகுப்பில் ‘காலனிப் பையன்’ என்றே அறியப்படுகிறவன். சக்கர நாற்காலியில் வந்து, முதல் மாடியில் இருக்கும் ஆய்வகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவன்.

இவர்களுக்காகச் சட்டம் இல்லையா? குவிந்து கிடக்கிறது. 2012ஆம் ஆண்டு அரசாணை 92, வருமான வரம்புக்குட்பட்ட ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களிடம் சுயநிதிக் கல்லூரிகளும் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது, அரசே தரும் என்றது. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியாயிற்று. உயர்கல்வியில் சமத்துவத்துக்கு 2012இல் அதே குழு ஒரு விதிமுறையே கொண்டுவந்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையம் இருக்க வேண்டும். பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. சாய்தளம் கட்டு என்றது. காகிதத்தில் பார்த்தால், உலகிலேயே அதிகம் பாதுகாக்கப்பட்ட மாணவர்கள் நம் காலனிப் பிள்ளைகள்தான்.

அந்த அரசாணையை பிரின்சிபால் மேசையில் வைத்து, “இதைப் படித்தீர்களா சார்?” என்று கேட்பது யார்? அதுதான் கேள்வி. ஒற்றையாய் ஒரு பிள்ளை போய்க் கேட்டால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். கத்த மாட்டார்கள். திட்டவும் மாட்டார்கள். “ஸ்காலர்ஷிப் பசங்களுக்கு இவ்வளவு வாயா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அடுத்த செமஸ்டரில் இன்டர்னல் மார்க் பேசும். ஆயிரம் ஓட்டு வாங்கிய ஒருத்தி போய்க் கேட்டால் சிரிக்க முடியாது. பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

அதனால்தான் ஆயிரம் ஓட்டு வாங்க யாரையும் விடுவதில்லை.

அதற்காகச் சங்கமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நாக் குழு தரச்சான்று தர வரும் மாதத்தில் பாருங்கள். அவர்களுடைய மதிப்பெண் பட்டியலில், மாணவர்களுக்கு நிர்வாகத்தில் பிரதிநிதித்துவம் உண்டா என்று ஒரு கேள்வி உண்டு. அந்த மாதத்தில் மாணவர் பேரவை பிறக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர்ப்பட்டியல் வரும். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு முந்தைய தேதியிட்டு வரும். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கூடாத பேரவை, எல்லாத் தீர்மானங்களையும் ஒருமனதாக நிறைவேற்றியிருக்கும். நாக் கார் கேட்டைத் தாண்டியதும் பேரவைக்குக் காரியம் முடிந்துவிடும். கருமாதிகூட உண்டு. குழுவினருக்குப் பரிமாறியது போக மிஞ்சிய சாப்பாடு.

இளையோர் நாடாளுமன்றம் என்று ஒரு போட்டியும் இருக்கிறது. பிரதமர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் எல்லோரையும் ஆசிரியர் நியமிப்பார். எதிர்க்கட்சி என்ன கேட்க வேண்டும் என்பதும் எழுதித் தரப்படும். மனப்பாடம் செய்து கோபப்பட வேண்டும். விடுதிச் சோற்றைப் பற்றி மட்டும் எந்த எதிர்க்கட்சித் தலைவரும் கேட்டதில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

இத்தனைக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு 2006இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அதை நடைமுறைப்படுத்தும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்லூரிகள் தேர்தல் நடத்த வேண்டும் என்பதே பொது விதி. சூழல் சரியில்லாத இடத்தில் தற்காலிகமாக நியமனம் செய்துகொள்ளலாம். அந்த நியமனமும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் செய்யக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லா நிறுவனங்களும் தேர்தல் முறைக்கு மாறிவிட வேண்டும்.

கணக்குப் போடுங்கள். 2006உடன் ஐந்தைக் கூட்டினால் 2011. கெடு முடிந்த அதே ஆண்டில்தான் முதல் தேசிய வாக்காளர் தினம் கொண்டாடப்பட்டது. ஓட்டு வைக்கச் சொன்னார்கள். நாம் உறுதிமொழி வைத்தோம்.

லிங்டோ குழுவும் ஏழைப் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துவிடவில்லை. வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும். போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. காலையில் தறியில் அப்பாவுக்கு உதவிவிட்டு, மாலையில் துணிக்கடையில் நின்று, இடையில் கல்லூரிக்கு ஓடிவருகிறவனுக்கு இரண்டும் கஷ்டம். நாடாளுமன்றத்துக்கு எத்தனை வழக்கு நிலுவையில் இருந்தாலும் நிற்கலாம். கல்லூரியில் ஒரு பேப்பர் நிலுவையில் இருந்தால் நிற்க முடியாது. செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். ஒலிபெருக்கி கூடாது, வாகன ஊர்வலம் கூடாது. கட்சிப் பணம் கூடவே கூடாது. கணக்கை இரண்டு வாரத்தில் காட்ட வேண்டும். நம் சட்டமன்றத் தேர்தலுக்கு இதில் பாதியை வைத்துப் பார்க்கலாம். பாதித் தொகுதிகளில் ஆள் நிற்க மாட்டார்கள்.

ஏன் தேர்தல் வைப்பதில்லை என்று கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, பணம் புழங்கும். இரண்டு, சாதி வரும்.

முதலில் பணம். நம் பக்கத்துத் தொகுதி வேலூர். 2019 ஏப்ரலில் அங்கே 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியது. மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். அதற்காக வேலூருக்கு இனி எம்.பி.யே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகஸ்ட் 5 அன்று தேர்தல் வைத்தார்கள். பெரியவர்கள் கோடிக்கணக்கில் தப்புச் செய்தால் நாலே மாதத்தில் மறு வாய்ப்பு. பிள்ளைகள் தப்புச் செய்யக்கூடும் என்று தோன்றினாலே ஆயுள் தடை.

அடுத்தது சாதி. சாதி வந்துவிடுமாம். எங்கிருந்து வரும்? வெளியூரிலிருந்து பஸ் ஏறியா வரும்? 2008 நவம்பர் 12 அன்று சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டக் கல்லூரி வாசலில் மாணவர்கள் மாணவர்களை அடித்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. போலீஸும் பார்த்தது. நேரில், நின்று, நிதானமாகப் பார்த்தது. ஒரு சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டதில் மூண்ட பகை அது. விசாரணை ஆணையம் வந்தது. 2018இல் கல்லூரியைப் பிரித்துப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் அனுப்பினார்கள். சாதியை வெளியேற்றச் சொன்னால் கல்லூரியை வெளியேற்றினார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அங்கே எந்த சேர்மன் தேர்தல் நடந்தது? எந்த ஓட்டுப்பெட்டி சாதியைக் கொண்டுவந்தது? அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டியிருக்கிறது என்று எழுதும் அளவுக்கு நம் வகுப்பறைகள் இருக்கின்றன. தேர்தல் இல்லாமலே சாதி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. இல்லாமல் போனது சாதி பற்றிப் பேசும் மேடை மட்டும்தான்.

சாதிக்காகத் தேர்தலை நிறுத்துவது என்றால் முதலில் சட்டமன்றத் தேர்தலை நிறுத்த வேண்டும். எந்தத் தொகுதியில் எந்தச் சமூகம் எத்தனை சதவீதம் என்று கையில் பட்டியல் வைத்துக்கொண்டு வேட்பாளர் தேடும் கட்சிகள், கல்லூரியில் சாதி வந்துவிடுமே என்று கவலைப்படுகின்றன. இந்தக் கவலைக்கு ஒரு விருது தரலாம்.

லிங்டோ அறிக்கை வந்த அதே 2006இல் மதுரைப் பக்கம் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சிகள். பத்தாண்டு காலம் ஒழுங்காகத் தேர்தல் நடத்தவிடாமல் வைத்திருந்தார்கள். சாதி இருக்கிறது, ஆகவே தேர்தல் வேண்டாம் என்று அரசு அங்கே கைகழுவவில்லை. சாதி இருக்கிறது, ஆகவே தேர்தலை நடத்தியே தீர வேண்டும் என்று நின்றது. அந்த ஆண்டு அக்டோபரில் நடத்திக் காட்டியது. சமத்துவப் பெருவிழாவும் எடுத்தது. ஊராட்சிக்கு ஒரு நியாயம், கல்லூரிக்கு ஒரு நியாயம்.

இந்த மாநிலத்துக்கு மாணவர் தலைவர்களைக் கண்டு பயம் வந்தது எப்படி என்பதுதான் பெரிய நகைச்சுவை. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது மாணவர்கள். அந்தப் போராட்டத்தில் எழுந்த பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். வித்தியாசம் 1,285 ஓட்டு. மாணவர்கள் தோள்கொடுத்த ஆட்சி வந்தது. பிறகு அதிலிருந்து பிரிந்த ஆட்சி வந்தது. மாறி மாறி வந்தார்கள். மாணவர் தலைவராக ஏணியில் ஏறியவர்கள் மேலே போனதும் ஏணியை இழுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஒரு மாணவர் கூட்டம் என்ன செய்யும் என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கில் பிள்ளைகள் கூடினார்கள். தலைவரே இல்லாத போராட்டம் என்று தொலைக்காட்சிகள் புளகாங்கிதப்பட்டன. தலைவர் எங்கிருந்து வருவார்? அவர்களை உருவாக்கும் இடத்தைத்தான் இழுத்து மூடிவிட்டீர்களே. கடைசி நாளில் பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடுவது என்றே குழப்பம். போலீஸுக்குக் குழப்பமில்லை. தடியை எடுத்தது.

சென்னையில் ஓட்டுப்பெட்டியை எடுத்த இடத்தில் என்ன முளைத்தது என்று பாருங்கள். ரூட்டு தல. எந்த பஸ் ரூட்டில் எந்தக் கல்லூரிக்கு ஆதிக்கம் என்பதற்கு ஒரு தலைவன். 5,000 ரூபாய் வரம்பில்லை. அரியர் தடையில்லை. வருகைப்பதிவு வேண்டவே வேண்டாம். பஸ் கூரைமேல் பதவியேற்பு, கையில் பட்டாக்கத்தி. பிள்ளைகள் செத்தும் போயிருக்கிறார்கள். பதினெட்டு வயதில் தலைமை வேண்டும் என்ற ஆசை தானாக அடங்கிவிடாது. வாசல் வழியாக விடாவிட்டால் ஜன்னலில் ஏறி வரும்.

தேர்தல் வெறும் கூத்து, அதில் ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கு என்ன கிடைத்துவிடும் என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. அவர்களை ஹைதராபாத்துக்கு அனுப்ப வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகம். சேலம் மாவட்டத்திலிருந்து போன ஆய்வு மாணவர் செந்தில்குமார் 2008இல் அங்கே உயிரை மாய்த்துக்கொண்டார். அதே வளாகத்தில், அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து தலித் ஆய்வு மாணவர்கள் 2015இல் தண்டிக்கப்பட்டார்கள். விடுதியிலிருந்து வெளியேற்றம். நிர்வாகக் கட்டடத்துக்குள் நுழையத் தடை. பொது இடங்களில் கூட்டமாக நிற்கத் தடை. மாணவர் சங்கத் தேர்தலில் பங்கேற்கத் தடை. அந்த ஐவரில் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தார்.

அந்தத் தண்டனைப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். தேர்தல் வெறும் கூத்து என்றால் அது ஏன் அந்தப் பட்டியலில் இருந்தது? தலைக்கு மேல் கூரை இல்லாமல் ஆக்கியவர்கள், ஓட்டையும் ஏன் எடுத்தார்கள்? நிர்வாகத்துக்குத் தெரியும். ஓட்டின் மதிப்பு நமக்குத்தான் தெரியாது.

2024 மார்ச்சில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் தனஞ்சய் என்ற மாணவர் சங்கத் தலைவரானார். பீகாரின் கயாவிலிருந்து வந்த தலித். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். அங்கும் நான்கு ஆண்டுகள் தேர்தலே நடக்காமல் கிடந்தது. கேட்டு, கத்தி, போராடி வாங்கினார்கள். முற்போக்கின் கோட்டை என்று பெயர்வாங்கிய இடத்திலேயே முப்பது ஆண்டு. சமூக நீதியின் தொட்டில் என்று பெயர்வாங்கிய இடத்தில் வேட்புமனுப் படிவமே இல்லை.

தமிழ்நாடு பிள்ளைகளுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு இலவசப் பேருந்து. 2022இலிருந்து புதுமைப்பெண், 2024இலிருந்து தமிழ்ப்புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். நல்ல திட்டங்கள். ஆரணிப் பக்கத்துத் தறி வீடுகளில் அந்த ஆயிரத்தால் படிப்பை விடாமல் இருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடலாம். பிரச்சினை அந்தக் கும்பிடில்தான் இருக்கிறது. கொடுத்தால் வாங்கிக்கொள், கேட்காதே. கேட்பது குடிமகன் வேலை, உன் வேலை வரிசையில் நிற்பது. திறன் பயிற்சித் திட்டத்துக்கு ‘நான் முதல்வன்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் கிளாஸ் ரெப் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

சரி, நடத்தினால் எப்படி நடத்துவது? வழி இருக்கிறது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம், தலித், பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகைப்படி இடம், சுழற்சி முறை. அதையே கல்லூரிக்கு வையுங்கள். சேர்மன் பதவி ஓராண்டு பொது, ஓராண்டு பெண், ஓராண்டு ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி. விடுதி மாணவர்களுக்கு ஓர் இடம், மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் இடம். சண்டை வரும். வரட்டும். ஊராட்சியிலும் வந்தது. சண்டை வந்தால் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. சண்டையே வராத இடம் சுடுகாடு மட்டும்தான், அதிலும் நம் ஊரில் சாதிக்கொன்று தனி.

காத்திருக்கவும் வேண்டாம். பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு பற்றிப் பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் ஒரு விதிமுறை போட்டது. மாணவர் சம்பந்தப்பட்ட புகாராக இருந்தால் குழுவில் மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றுதான் இருக்கிறது. மேடம் கைகாட்டிய மூன்று பேர் என்று இல்லை.

எனவே, பெற்றோரே, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பெண் படிக்கும் கல்லூரிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். சுயநிதிக் கல்லூரி என்றால் அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்குப் போடுங்கள். மூன்றே கேள்வி. பாகுபாடு தடுப்பு அலுவலரின் பெயர் என்ன? உள்ளகக் குழுவின் மாணவர் உறுப்பினர்கள் எந்தத் தேதியில், எந்தத் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? மாணவர் சங்கத் தேர்தல் கடைசியாக எந்த ஆண்டு நடந்தது? கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். “தகவல் இல்லை” என்று பதில் வந்தால் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர் கையில் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.